தாண்டிக்குடிச் சரிவில் சொந்தக் கையால் ஒரு மண் வீடு: எதிலிருந்து தொடங்குவது?

திண்டுக்கல் மாவட்டப் பழனி மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே, மின்கம்பம் எட்டாத ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டத்தில், கணவன் மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் என ஐந்து பேர் வாழ்வதற்கு 600 சதுர அடியில் ஒரு மண் வீட்டை நீங்களே கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோலார் எவ்வளவு போட வேண்டும், சுவரை எந்த முறையில் எழுப்பலாம் என்பவை உங்களுடைய அடுத்த இரண்டு கேள்விகள். கட்ட முடியும், பழனி மலையின் பழைய ஊர்களில் நிற்கும் மண் சுவர் ஓட்டு வீடுகளில் பெரும்பாலானவை அப்படிக் குடும்பத்தாரும் ஊராரும் சேர்ந்து எழுப்பியவைதாம். ஆனால் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். மலையில் வீட்டைக் காப்பதும் கெடுப்பதும் தண்ணீர்தான். மழைநீர் எந்த வழியாகப் போகும், குடிநீர் எங்கே தேங்கும் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் சுவரைப் பற்றிப் பேச வேண்டும். சோலார் அதற்கும் பிறகு வருவது.

உங்கள் சரிவின் மழைக் கணக்கு கேரளத்தின் கணக்கும் அல்ல, நீலகிரிக் கூடலூரின் கணக்கும் அல்ல. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை ஆனைமலை தடுத்துவிடுவதால், பழனி மலையின் கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழையே பிரதானம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை, தை முதல் பங்குனி வரை வறட்சி, சித்திரை வைகாசியில் இடியுடன் கூடிய கோடை மழை, ஆனி ஆடியில் மழையைவிடக் காற்றே அதிகம். மண் வீட்டு வேலையின் நாட்காட்டி இதிலிருந்தே பிறக்கிறது. தை பிறந்ததும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதும் மண்கல் (அழுத்தி எடுத்த, சுடாத மண் செங்கல்) அறுப்பதும், வெயில் நிற்கும் மாசி பங்குனியில் கல்லை உலர்த்துவதும், சித்திரைக்குப் பின் தார்ப்பாய் கைவசம் வைத்துக்கொண்டு சுவர் எழுப்புவதும், எப்படியாவது புரட்டாசிக்குள் கூரை ஏற்றுவதும் என்று திட்டமிடுங்கள். கூரை ஏறாமல் ஐப்பசிக்குள் நுழையும் நிலை வருமானால், அந்த ஆண்டு அஸ்திவாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நனைந்து சரிந்த மண் சுவரை ஒட்டுப்போட்டு எழுப்புவது புதிதாகக் கட்டுவதைவிடக் கடினம்.

ஆகவே நிலம் வாங்கியவுடன் கட்டத் தொடங்காமல், ஒரு ஐப்பசி கார்த்திகையையாவது அந்த நிலத்தில் பார்த்துவிடுங்கள். கனமழை பெய்யும்போது நிலத்தின் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லை வரை நடந்து, நீர் எங்கே கோடாகக் கூடுகிறது, எந்த இடத்தில் மழை விட்ட மறுநாளும் கசிகிறது என்று முளைக்குச்சி அடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். கசிவு இருக்கும் இடம் கோடையில் பார்க்கும்போது புல் பச்சையாக, மண் மெத்தென்று, வீடு கட்ட மிகப் பொருத்தமாகத் தோன்றும். அந்த இடத்தில் மட்டும் கட்டிவிடாதீர்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை மிக அதிகமாகப் பெய்தது ஒரு காரணம். சரிவை வெட்டியதும், நீர் வழிந்தோடும் பாதைகளை அடைத்ததும் அந்த மழைக்கு வழி திறந்துவிட்ட காரணங்கள்.

சரிவில் இடம் சமன் செய்யும்போது பெரும்பாலானவர்கள் மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி, அந்தச் சமதளத்தின் நடுவில் வீட்டை வைத்துவிடுகிறார்கள். பாதி வீடு இறுகிய பூர்வ மண்ணிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நிற்கும். இரண்டு மழைக்குள் கொட்டிய மண் அமிழும். சரியாக அந்தச் சேர்மானத்துக்கு மேலே சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடும். வீடு முழுவதும் வெட்டிய தளத்திலேயே நிற்க வேண்டும். கொட்டிய மண் முற்றத்துக்கும் கீரைப்பாத்திக்கும் போதும். இதற்காகவே வீட்டின் அகலத்தைக் குறைத்து, சரிவின் போக்குக்குக் குறுக்காக நீளவாக்கில் வைக்கச் சொல்கிறேன். 14 அடி அகலம், 43 அடி நீளம் என்று வைத்தால் 600 சதுர அடி கிடைத்துவிடும், வெட்டும் உயரமும் பாதியாகக் குறையும். மேல்பக்க வெட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே குறைந்தது 5 அடி விட்டு, அதில் கல் பாவிய வாய்க்கால் அமைத்து, நீரை வீட்டின் இரு பக்கமும் சுற்றிக் கொண்டுபோய் ஏற்கெனவே இருக்கும் ஓடைக்கோட்டில் சேர்க்க வேண்டும். வெட்டுக்கு மேலேயும் ஒரு தடுப்பு வாய்க்கால் வேண்டும். வெட்டைத் தாங்க சிமெண்ட் இல்லாத கல் கட்டே இங்கே உகந்தது, ஏனென்றால் அதன் இடுக்குகளில் நீர் தானாகக் கசிந்து வெளியேறும். சிமெண்ட் வைத்துக் கட்டினால் நீர் வெளியேறத் துளைக்குழாய்களைக் கட்டாயம் விட வேண்டும்.

சிக்கனக் கட்டடங்களுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், கேரளத்துக்கு வருவதற்கு முன் இமயமலை அடிவாரத்துப் பித்தோராகட்டில் 16 ஆண்டுகள் வாழ்ந்து, அந்த ஊர்க்காரர்கள் சரிவில் வீடு வைக்கும் விதத்திலிருந்து தாம் கற்றதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். நீங்களும் வரைபடம் போடுவதற்கு முன் பூம்பாறை, பண்ணைக்காடு பக்கம் போய்ப் பழைய வீடுகளைப் பாருங்கள். எந்தத் திசையில் ஜன்னல் இல்லை, கூரை எவ்வளவு தாழ இறங்கியிருக்கிறது, பேஸ்மட்டம் (சுவருக்கு அடியில் தரைக்கு மேல் எழும் கல் கட்டு) எத்தனை அடி என்பதையெல்லாம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையிடப் பாதுகாப்புக் குழுமம், எல்லோரும் ஹாக்கா என்று சொல்வது, 1990இல் அமைக்கப்பட்டது. அதன் பட்டியலில் உங்கள் வருவாய்க் கிராமம் இருந்தால், வழக்கமான கட்டட அனுமதியோடு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றும் தேவைப்படும். மண் வீடு, சிறிய வீடு, சொந்தக் கையால் கட்டுவது என்பதற்கெல்லாம் விலக்கு இருப்பதாக எண்ணி வேலையைத் தொடங்காதீர்கள். மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக்காக இருந்தாலும் முதலில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மலையில் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கைவேலையாகக் கட்டப்போகும் உங்களுக்கு முதலாவது பெரிய இழப்பாகாது. இரண்டாவதை உத்தேசித்து நீர்த் திட்டம் போடக் கூடாது.

முதல் கட்டடம் வீடாக இருக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும் அதன் கூரைநீர் விழும் ஒரு தொட்டியும் முதலில் எழும்பட்டும். சிமெண்டும் கருவியும் நனையாது, மண்கல் உலர நிழல் கிடைக்கும், மண் பிசையத் தண்ணீர் கையருகே இருக்கும். ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவருவது நம் மலையில் எல்லாரும் செய்வதுதான் என்றாலும், பங்குனியில் அந்த ஊற்று எவ்வளவு தருகிறது என்று ஒரு குடம் நிரம்பும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபிறகே அதை நம்ப வேண்டும். அதே ஊற்றைக் கீழே இருக்கும் தோட்டக்காரர்களும் நம்பியிருப்பார்கள் என்பதால், அவர்களோடு பேசி முடிப்பதும் நீர்த் திட்டத்தின் ஒரு பகுதியே.

கூரைநீரின் கணக்கு நம்பிக்கை தரக்கூடியது. 600 சதுர அடி வீட்டுக்கு நான்கு பக்கமும் தாழ்வாரம் இறக்கினால், கூரையின் பரப்பு ஏறத்தாழ 80 சதுர மீட்டர் ஆகிவிடும். ஆண்டு மழையை 1,200 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், அதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் 76,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐந்து பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்று நாளொன்றுக்கு 250 லிட்டர். 120 நாள் வறட்சிக்கு 30,000 லிட்டர். ஆக மழைக்குப் பஞ்சமில்லை, சேமிக்கும் இடத்துக்குத்தான் பஞ்சம். 3 மீட்டர் விட்டமும் 2.15 மீட்டர் உயரமும் கொண்ட பெரோசிமெண்ட் (கம்பிவலைமேல் சிமெண்ட் பூசிய) தொட்டி ஒன்று 15,000 லிட்டர் கொள்ளும். அப்படி இரண்டு கட்டுங்கள். ஒரே பெரிய தொட்டியைவிட இரண்டு நல்லது, ஒன்றைக் கழுவும்போதும் பழுது பார்க்கும்போதும் மற்றொன்று வீட்டைத் தாங்கும். நிரம்பிய தொட்டி 15 டன்னுக்கு மேல் எடை என்பதை மறக்காமல், அதையும் வெட்டிய மண்ணிலேயே, கூரைநீர் தானாக இறங்கும்படி அதன் வாய் தாழ்வாரத்துக்குக் கீழே வருமாறு அமையுங்கள். ஊற்றுநீர் விழும் தொட்டியானால், அதைச் சமையலறையைவிட உயரமான இடத்தில் வைத்தால் மோட்டாரே வேண்டியதில்லை. 10 மீட்டர் உயர வேறுபாடு இருந்தால் குழாயில் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் இருந்தாலே சமையலறைக் குழாய்க்குப் போதும்.

சுவருக்கு நான் பரிந்துரைப்பது, 5 சதவீதம் சிமெண்ட் கலந்து கை இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் மண்கல். பிசைமண் சுவர் அழகானது, மலிவானது. ஆனால் அடுக்கடுக்காக உலர விட வேண்டியிருப்பதால், ஈரக்காற்று நிறைந்த சரிவில் ஒரு குடும்பத்தின் கையிருப்பு நாட்களை அது தின்றுவிடும். மண்கல்லை மழையில்லாத மாதங்களில் அறுத்து அடுக்கி வைத்துக்கொள்ளலாம். 230 மில்லிமீட்டர் நீளம், 190 அகலம், 100 உயரம் கொண்ட கல் என்றால் உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 3,700 முதல் 4,000 கல் தேவைப்படும். ஒரு கல் 8 கிலோ. மொத்தம் 30 டன்னுக்கு மேற்பட்ட அந்த எடையில் நீங்கள் வெளியிலிருந்து சுமக்க வேண்டியது 30 மூட்டை சிமெண்டும், மண்ணின் தன்மையைப் பொறுத்துக் கொஞ்சம் எம்-சாண்டும் மட்டுமே. தார்ச்சாலையிலிருந்து தலைச்சுமையாகவோ மட்டக்குதிரையிலோ பொருள் வர வேண்டிய இடத்தில் இந்த ஒரு கணக்கே முடிவைச் சொல்லிவிடுகிறது. மூன்று பெரியவர்கள் நிதானமாக வேலை செய்தால் நாளொன்றுக்கு 150 கல் எடுக்கலாம். பிள்ளைகள் மண் சலிப்பதிலும் சாக்கு நனைப்பதிலும் மகிழ்ச்சியாகச் சேர்ந்துகொள்வார்கள், ஆனால் இயந்திரத்தின் கைப்பிடி அருகே அவர்களை விடாதீர்கள். கீழிறங்கும் நெம்புகோல் தாடையை உடைக்கும்.

மண்ணைச் சோதிக்காமல் ஒரு கல்லும் எடுக்காதீர்கள். மேல்மண்ணில் இலைமக்கு இருக்கும், அது பாத்திக்குப் போகட்டும். ஓரடிக்குக் கீழே வரும் சிவந்த மண்ணே சுவருக்கு. அதை ஒரு கண்ணாடி போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், அதன்மேல் வண்டல், ஒருநாள் கழித்துக் களி என்று மூன்று பட்டைகள் தெரியும். களி ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். அதற்கு மேல் இருந்தால் மணல் சேர்க்க வேண்டும். இரண்டாவது சோதனை இதைவிட நம்பகமானது. 60 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகல ஆழமும் உள்ள மரப்பெட்டியில் ஈரமண்ணை இறுக்கி நிரப்பி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, காய்ந்த துண்டுகளை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளிவிட்டு இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டருக்குள் என்றால் 18 பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்ட் போதும், மூன்று வரை என்றால் 16க்கு ஒன்று. அதையும் தாண்டினால் சிமெண்டைக் கூட்டுவதைவிட மணலைக் கூட்டி மறுபடியும் பெட்டியை நிரப்புங்கள். எடுத்த கல்லை 28 நாள் சாக்குப் போட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தில் சோம்பினால் சிமெண்டுக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண்.

அஸ்திவாரத்துக்குக் கருங்கல். பேஸ்மட்டம் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயர வேண்டும். மண் சுவரை அரிப்பது தலையில் விழும் மழையைவிடத் தரையில் பட்டுத் தெறிக்கும் மழையே. பேஸ்மட்டத்தின்மேல் சுற்றிலும் 3 அங்குலக் கான்கிரீட் பெல்ட் போட்டால் கரையானும் ஏறாது, ஈரமும் ஏறாது. ஜன்னல் தலைப்பில் இன்னொரு பெல்ட் போட்டு எல்லாச் சுவர்களையும் கட்டிவிட வேண்டும். அஸ்திவாரத்துக்கும் இந்த இரண்டு பெல்ட்டுக்கும் அனுபவமுள்ள கொத்தனாரை வைத்துக்கொண்டு நீங்கள் சித்தாளாக நில்லுங்கள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்து மூலை எழுப்பும் பழக்கம் உங்கள் கைக்கு வந்தபின் சுவர் முழுவதையும் நீங்களே கட்டலாம். கல்லை ஒட்ட, கல்லைப் போலவே மண்ணும் மணலும் சிறிதளவு சிமெண்டும் கலந்த சாந்து போதும். வெளிப்பூச்சுக்கு மட்டும் சிமெண்டை நினைக்கவே வேண்டாம். சிமெண்ட் பூச்சு மண் சுவரின் ஈரத்தை உள்ளே அடைத்து, இரண்டொரு ஆண்டில் பாளம் பாளமாகப் பெயரும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும். விரிசல் வந்தாலும் அடுத்த ஆண்டு வெள்ளையடிக்கும்போது அடைந்துவிடும்.

கூரையைத் தாழ இறக்குங்கள், சுவரைவிட்டு இரண்டரை முதல் மூன்று அடி வெளியே நீட்டுங்கள். ஓடு போடுவதானால் கைமரமும் ரீப்பரும் அதன் எடையைத் தாங்க வேண்டும். தகரமானால் எடை குறைவு, ஆனால் ஆடிக்காற்று அதைத் தூக்கிப் பார்க்கும், நீண்ட தாழ்வாரம் காற்றுக்குப் பிடி கொடுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் வழியாகக் கடந்தபோது கொடைக்கானல் மலையில் விழுந்த மரங்களை நினைத்துப் பார்த்தால் இதைக் குறைவாக மதிக்கத் தோன்றாது. பேஸ்மட்டப் பெல்ட்டிலிருந்தே மூலைக்கொன்றாகவும் ஆறடிக்கொன்றாகவும் 10 மில்லிமீட்டர் கம்பியைச் சுவருக்குள் நிறுத்தி, மேலே கூரைச் சட்டத்தோடு இறுக்கிவிட வேண்டும். கம்பியைச் சுவர் எழுப்பிய பிறகு செருக முடியாது என்பதால், கூரையைப் பற்றிய இந்த முடிவை அஸ்திவார நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

இப்போது மின்சாரம். ஆறு எல்இடி விளக்கு, இரண்டு கைபேசி, ஒரு மடிக்கணினி, மிக்சி, நாளுக்கு அரை யூனிட் அளவில் ஓடும் சிறிய இன்வெர்ட்டர் குளிர்பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்டுக்குள் அடங்கும். உங்கள் உயரத்தில் மின்விசிறி பெரும்பாலும் தேவைப்படாது. வெயில் காலத்தில் 500 வாட் பேனலே இதற்குப் போதுமானது. ஆனால் ஐப்பசியில் மூடுபனியும் மேகமும் இறங்கிவிட்டால் நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேர வெயிலுக்குச் சமமான ஒளிதான் கிடைக்கும் என்று வைத்துக் கணக்கிட வேண்டும். அப்படியானால் 1,500 வாட் பேனல், 24 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பெரோபாஸ்பேட் பேட்டரி. மூன்று இருண்ட நாட்களைத் தாங்கும். பேனலின் விலை குறைந்திருக்கும் இந்தக் காலத்தில் பேட்டரியைப் பெருக்குவதைவிடப் பேனலைப் பெருக்குவதே சிக்கனம். காப்பித் தோட்டத்தில் உண்மையான இடர் நிழல்தான்: ஒரு சில்வர் ஓக் கிளையின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும் வரிசை முழுவதின் உற்பத்தியும் சரியும். மரத்தை வெட்டாமல், வெட்டவெளி இருக்கும் இடத்தில் கம்பம் நட்டுப் பேனலைத் தெற்கு நோக்கி 15 பாகை சாய்த்து வைத்து, கனமான கம்பியில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். எர்த்தும் இடிதாங்கியும் உரிமம் பெற்ற மின்பணியாளர் கையால் அமையட்டும். சித்திரை மாத இடி உங்கள் சரிவில் சாதாரணமானது அல்ல. வெந்நீரையும் சமையலையும் மின்சாரத்தில் ஏற்றாதீர்கள். விறகு அடுப்புக்குப் புகைபோக்கி வைத்து, மழை நாட்களுக்கு ஒரு கேஸ் சிலிண்டரை வைத்துக்கொள்ளுங்கள். சாண எரிவாயு குளிரில் மந்தமாகிவிடும், மழைக்காலத்தில் அதை நம்ப முடியாது.

ஓடை ஒன்று ஆண்டு முழுவதும் ஓடினால் சிறு நீர்ச்சக்கரமும் நினைக்கத்தக்கதே. வினாடிக்கு 2 லிட்டர் நீர் 20 மீட்டர் இறங்கினால், பாதி வீணானாலும் ஏறத்தாழ 200 வாட் இரவும் பகலும் கிடைக்கும். அது நாளொன்றுக்கு 4.7 யூனிட். வெயில் இல்லாத மாதங்களில்தான் ஓடை நிறைந்து ஓடும் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஆனால் ஓடை புறம்போக்கு. எழுத்து அனுமதியில்லாமல் குழாய் போடக் கூடாது.

கழிப்பறைக்கு, ஒன்று நிரம்பினால் மற்றொன்றுக்கு மாற்றிவிடும் இரட்டைக் குழி போதும், ஊற்றுக்கும் தொட்டிக்கும் கீழ்ச்சரிவில், 15 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் இடத்துக்குக் கழிவுநீர் லாரி வராது என்பதால் செப்டிக் டேங்க் பிற்காலத்தில் தொல்லை. மழைக்காலத்தில் ஓரடி ஈரடியிலேயே நீர் ஊறும் நிலமானால் குழியை விட்டுவிட்டு, திருச்சி மாவட்டம் முசிறியில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் உலர் எருக் கழிப்பறை முறையைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கீழ்ப்பழனியில் யானையும் காட்டுமாடும் வரும் வழிகள் ஊராருக்குத் தெரியும். பலா மரத்தை ஒட்டியும், அந்த வழிகளின்மீதும் வீடு வைக்காதீர்கள். உப்பு, அரிசி, கேழ்வரகு, பழுத்த வாழைத்தார் ஆகியவற்றை வெளிச்சுவரை ஒட்டிய அறையில் வைக்காமல் நடு அறையில் வையுங்கள்.

தாயாருக்காக இரண்டு மாற்றங்களைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறையை வீட்டுக்கு வெளியே தனியாக வைக்காமல், குழியை மட்டும் தள்ளி வைத்து, அறையை அவர் படுக்கும் அறையோடு ஒட்டி, 3 அடி அகலக் கதவுடன் கட்டுங்கள். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை உள்ள பாதையை, வானம் தோண்டுவதற்கும் முன்பே, ஆறு அங்குலத்துக்கு மேற்படாத கல் படிகளும் நான்கு அடி அகலமும் கொண்டதாக அமைத்துவிட்டால், கட்டுகிற காலத்தில் சிமெண்ட் மூட்டைக்கும், பிறகு ஒருநாள் அவரை நாற்காலியில் அமர்த்தி இருவர் தூக்கிச் செல்ல வேண்டி வந்தால் அதற்கும், அதே பாதை போதும்.